வெஜ் மெக்சிகன் ராப் வீட்டுலயே பண்றது எப்படி? ராஜ்மா ஊற வைக்கிறதுல இருந்து மடிக்கிற வரைக்கும்

போன வாரம் அக்கா பொண்ணு போன் பண்ணினா. "சித்தி, மெக்சிகன் ராப் பண்ணேன், டேஸ்ட் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டாவது கடியிலயே அடி கிழிஞ்சு எல்லாம் தட்டுல கொட்டிடுச்சு, குட்டி அழுதுட்டான்"னு சொன்னா. என்னென்ன போட்டேன்னு கேட்டேன். தக்காளிய விதையோட நறுக்கி போட்டிருக்கா, தயிர் கப்புல இருந்து அப்படியே ஊத்தியிருக்கா, குடமிளகாய உப்பு போட்டு மூடி வச்சு வதக்கியிருக்கா. மூணுமே தண்ணி. சப்பாத்தியோ காலையில போட்டு ஆறிப்போனது. அப்புறம் கிழியாம என்ன செய்யும்.

அவளுக்கு போன்ல சொன்னத இங்க விரிவா எழுதுறேன். இந்த சாப்பாட்டுக்கு முக்கியம்னு நான் நினைக்கிறது ஒண்ணுதான், உள்ள போற ஒவ்வொண்ணுலயும் இருக்கிற தண்ணிய வெளிய எடுத்துடணும், வெளிய சுத்துற ரொட்டில மட்டும் ஈரத்த காப்பாத்தணும். இது ரெண்டும் புரிஞ்சுட்டா மசாலா கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் ராப் நல்லா வரும்.

நாங்க நாலு வருஷம் அரிசோனால டூசான்ல இருந்தோம். மெக்சிகோ எல்லை அங்கிருந்து ஒரு மணி நேர டிரைவ் தான், அந்தப் பக்கம் சொனோரா மாநிலம். எங்க கீழ் வீட்டு அம்மா சொனோராக்காரங்க, அவங்க கிச்சன்ல நின்னு பாத்து கத்துக்கிட்டது தான் பாதி, கோயம்புத்தூர் வந்தப்புறம் இங்க கிடைக்கிறத வச்சு மாத்திக்கிட்டது மீதி.

இது புரீட்டோவா, டாக்கோவா?

ராப்னு அங்க யாரும் சொல்ல மாட்டாங்க. வட்டமா தட்டின ரொட்டிக்கு பேரு டோர்ட்டியா (நம்ம ஊர்ல டார்ட்டில்லான்னு படிக்கிறோம்). சின்ன டோர்ட்டியால வச்சு பாதியா மடிச்சா டாக்கோ, சீஸ் வச்சு மடிச்சு கல்லுல சுட்டா கேசடியா, பெரிய கோதுமை டோர்ட்டியால வச்சு சுருட்டினா புரீட்டோ. நாம பண்ணப்போறது புரீட்டோவுக்கு ரொம்ப கிட்ட.

மெக்சிகோ முழுக்க மக்காச்சோள டோர்ட்டியா தான் ஆதிகாலத்து சாப்பாடு, கோதுமைய ஸ்பெயின்காரங்க கொண்டு வந்தாங்க, வடக்குல சொனோரா, சிவாவா பக்கம் அது நல்லா விளைஞ்சதால அங்க கோதுமை டோர்ட்டியா பழகிடுச்சு. அங்க புரீட்டோ மெலிசாத்தான் இருக்கும், உள்ள பீன்ஸும் (நம்ம காய் பீன்ஸ் இல்ல, ராஜ்மா மாதிரி பயறு) சீஸும், அவ்வளவுதான். சாதம், பீன்ஸ், சல்சா (தக்காளி தொவையல் மாதிரி), க்ரீம்னு குண்டா அடைச்சு அலுமினிய ஃபாயில்ல சுத்திக் குடுக்கிறது சான் பிரான்சிஸ்கோவுல மிஷன்னு ஒரு ஏரியால 1960கள்ல வந்த பழக்கம். நான் வீட்டுல பண்றது ரெண்டுக்கும் நடுவுல, சாதம் உண்டு ஆனா கொஞ்சமா.

மக்காச்சோளத்துல பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழண்டதும் கழுவி அரைக்கிறாங்க. அந்த சுண்ணாம்பு தான் மாவ ஒட்ட வைக்குது, சோளத்துல பூட்டிக்கிடக்கிற நியாசின் சத்தும் அதனால தான் உடம்புல சேருது. நம்ம கடையில கிடைக்கிற மக்காச்சோள மாவு வெறுமன அரைச்சது, அத வச்சு சுருட்டுனா பிளந்துடும். கார்ன்ஃப்ளார்னு வெள்ளையா விக்கிறது வெறும் ஸ்டார்ச், அது கிரேவி கெட்டியாக்கத்தான் ஆகும். அதனால கோதுமையும் மைதாவும் தான் நமக்கு வழி.

சைவமா இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. வெளிநாட்டுல மெக்சிகன் கடையில பீன்ஸ் புரீட்டோ தானேன்னு நம்பி வாங்கிடாதீங்க. பழைய முறையில டோர்ட்டியா மாவுலயும் பீன்ஸ் வறுக்கவும் பன்னிக் கொழுப்பு போடுவாங்க, அதுக்கு மான்டேகான்னு பேரு, சாதத்த கோழி சூப்புல வேக வைக்கிறதும் சகஜம். இறைச்சி வேண்டாம்னு மட்டும் சொன்னா போதாது, மான்டேகா இருக்கா, சாதம் எதுல வெந்துச்சுன்னு கேக்கணும். எனக்கு இது தெரியவே ஆறு மாசம் ஆச்சு, தெரிஞ்ச அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, வீட்டுல பண்ண ஆரம்பிச்சதே அதுக்கப்புறம் தான்.

அளவும் நேரமும்

இங்க சொல்றது 5 பேருக்கு, ஆளுக்கு ரெண்டுன்னு 10 ராப். கப்புன்னா 240 மில்லி கப்பு.

முந்தின நாள் ராத்திரி ராஜ்மா ஊறப்போடுங்க. மறுநாள் காலையில சமையலோட சமையலா குக்கர்ல வேக வச்சுடுங்க, தயிரையும் துணியில கட்டித் தொங்க விட்டுடுங்க. சாயங்காலம் முதல்ல மாவு பிசைஞ்சு மூடி வச்சுட்டு, அது ஊறுற அரை மணி நேரத்துல பீன்ஸ், சாதம், சல்சா மூணையும் முடிச்சுடலாம். காய் வதக்குறதும் டோர்ட்டியா போடுறதும் கடைசி. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஏழரைக்கு சாப்பிட உக்காரலாம், பழகிட்டா இன்னும் சீக்கிரம்.

சாமான் தேடி அலைய வேண்டாம். ராஜ்மா, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், குடமிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துல பிறந்து நம்ம கிட்ட வந்தது. அங்கிருக்கிற அரிசி, வெங்காயம், சீரகம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் இந்தப் பக்கத்துல இருந்து கப்பல்ல போனது. மெக்சிகோக்காரங்க பிழியிற அந்த சின்ன எலுமிச்சை நம்ம எலுமிச்சம்பழமே தான், சூப்பர்மார்க்கெட்ல போய் பெரிய மஞ்சள் லெமன் தேடாதீங்க, அந்த வாசனை இதுல வராது.

படி 1: ராஜ்மா

1 கப் ராஜ்மா எடுத்துக்கோங்க. சித்ரா ராஜ்மான்னு வெளிறின நிறத்துல புள்ளி புள்ளியா இருக்கும்ல, அது அங்க வடக்குல பயன்படுத்துற பின்ட்டோ பீன்ஸ் மாதிரியே இருக்கும், சீக்கிரம் மசியும். கரும் சிவப்பு ராஜ்மான்னா தோல் தடிப்பு, கொஞ்சம் கூட நேரம் வேணும்.

8 மணி நேரம் ஊறினதும் அந்தத் தண்ணிய கொட்டிடுங்க. புதுத் தண்ணி 3 கப், அரை வெங்காயம் நறுக்காம, பூண்டு 3 பல், ஒரு பிரிஞ்சி இலை போட்டு குக்கர்ல ஒரு விசில் வந்ததும் தீய குறைச்சு 20 நிமிஷம். பிரஷர் தானா இறங்கட்டும். ஒரு பீன்ஸ எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல வச்சு அழுத்துங்க, பல்லே படாம நசுங்கணும். நசுங்கலன்னா திரும்ப மூடி இன்னும் 10 நிமிஷம். ரொம்ப நாள் கடையில கிடந்த பழைய ராஜ்மான்னா எவ்வளவு நேரம் வச்சாலும் கடுக்குன்னு தான் இருக்கும், அது உங்க தப்பு இல்ல.

ராஜ்மா விஷயத்துல ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். சரியா வேகாத ராஜ்மால லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு, நாலஞ்சு பீன்ஸ் தின்னாலே வாந்தி, வயித்துப்போக்கு வரும். ஊற வச்சு, தண்ணி மாத்தி, நல்லா தளதளன்னு குறைஞ்சது 10 நிமிஷமாவது கொதிச்சா தான் அது அழியும், குக்கர்ல அந்த பயம் இல்ல. ஆனா ஸ்லோ குக்கர் வச்சிருக்கிறவங்க வேகாத ராஜ்மாவ நேரா அதுல போட்டுடாதீங்க, அந்த மிதமான சூடு பத்தாது.

வெந்த தண்ணிய கீழ ஊத்தாதீங்க, தனியா எடுத்து வைங்க.

இப்ப ஒரு அடி கனமான வாணலில 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய். பொடியா நறுக்கின வெங்காயம் ஒண்ணு, ஓரம் சிவக்குற வரைக்கும் வதக்குங்க. நசுக்கின பூண்டு 4 பல், வறுத்துப் பொடிச்ச சீரகம் 1 டீஸ்பூன், காஷ்மீரி மிளகாத்தூள் 1 டீஸ்பூன். தூள் கருகுறதுக்கு முன்னாடி பீன்ஸ போட்டு, எடுத்து வச்ச தண்ணில அரை கப் ஊத்தி, கீரை மசிக்கிற மத்தால மசிங்க. முழுசா கூழாக்க வேண்டாம், அங்கங்க ஒரு பீன்ஸ் தட்டுப்படட்டும். இப்ப உப்பு போடுங்க.

அவசரப்படாம நிக்க வேண்டிய இடம் இதுதான். மிதமான தீயில கிளறிக்கிட்டே இருந்தா முதல்ல களக் களக்னு கொதிக்கும், அப்புறம் கொதி அடங்கி தப் தப்னு அங்கங்க வெடிக்கும், அப்புறம் ஓரத்துல லேசா எண்ணெய் தெரியும். கரண்டியால வாணலி நடுவுல ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடிக்கிட்டா இன்னும் தண்ணி இருக்கு. அடி தெரிஞ்சு, மூணு எண்ணுற வரைக்கும் கோடு நின்னு, அப்புறம் மெல்ல மூடினா அதுதான் பதம். ஆறினா இன்னும் கெட்டியாகும். இதுக்கு ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீட்டோஸ்னு பேரு, ரெண்டு தடவை வறுத்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அவங்க ஊர் பேச்சுல அந்த 'ரெ'க்கு 'நல்லா'ன்னு அர்த்தம், நல்லா வறுத்த பீன்ஸ், அவ்வளவுதான். கீழ் வீட்டு அம்மா இத கிளறும்போது பேசவே மாட்டாங்க, கண்ணு முழுக்க வாணலில தான் இருக்கும்.

வெங்காயம் பூண்டு சேக்காத வீடுகள்ல ரெண்டையும் விட்டுட்டு எண்ணெய்ல கால் டீஸ்பூன் பெருங்காயமும் கொஞ்சம் ஓமமும் போடுங்க, நல்லா இருக்கும். அங்கயும் தெற்குல வாயு சேராம இருக்க எபசோட்டேன்னு ஒரு மூலிகை பீன்ஸ்ல போட்டுத்தான் வேக வைப்பாங்க.

படி 2: டோர்ட்டியா மாவு

மைதா 2 கப், கோதுமை மாவு 1 கப், உப்பு 1 டீஸ்பூன். முழு கோதுமைலயே பண்ணனும்னா பண்ணலாம், ஆனா ஆறினதும் கொஞ்சம் விறைக்கும், மைதா கலந்தா தான் துணி மாதிரி மடியும். இதுல 5 டேபிள்ஸ்பூன் எண்ணெயோ உருக்கின வெண்ணெயோ ஊத்தி விரல் நுனியால நல்லா தேய்ச்சு விடுங்க. புட்டு மாவு பதம் தெரியும்ல, பிடிச்சா பிடிக்கணும், உதுத்தா உதிரணும், அது வரணும்.

அப்புறம் வெந்நீர். கொதிக்க கொதிக்க வேண்டாம், விரல் விட்டா பொறுக்குற சூடு தாண்டி ஒரு படி அதிகம். ஒரு கப்புக்கு கொஞ்சம் கம்மியா ஆகும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி முதல்ல கரண்டியால கிளறி, சூடு தணிஞ்சதும் கையால 5 நிமிஷம் பிசைங்க. சப்பாத்திக்கு பச்சைத்தண்ணி, இதுக்கு ஏன் வெந்நீர்னா, சூட்டுல மாவுல இருக்கிற ஸ்டார்ச் பாதி வெந்து தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், எண்ணெய் மாவ சுத்திக்கிட்டு ரப்பர் தன்மைய குறைக்கும், அதனால தேய்க்கும்போது சுருங்காது, ஆறினாலும் காயாது. பிசைஞ்ச மாவு காது மடல் மாதிரி மெத்துன்னு இருக்கணும்.

10 உருண்டையா பிரிச்சு, ஈரத்துணி போட்டு மூடி 30 நிமிஷம் விடுங்க. உருண்டைய பிரிச்சுட்டு ஊற விடுறது முக்கியம், மொத்தமா ஊற வச்சு அப்புறம் உருட்டினா மறுபடி இறுகிடும்.

படி 3: சாதம்

முக்கால் கப் அரிசி போதும். பச்சரிசி, பாஸ்மதி எதுனாலும் சரி, கழுவி வடிகட்டி 10 நிமிஷம் உலர விடுங்க. ரெண்டு தக்காளி, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு அரைச்சு வடிகட்டினா முக்கால் கப் வரும். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல அரிசிய பொன்னிறமா வறுத்து, இந்த சாற ஊத்தி, முக்கால் கப் தண்ணி, உப்பு, கால் டீஸ்பூன் சீரகத்தூள். கொதிச்சதும் மூடி சின்ன தீயில 15 நிமிஷம், அடுப்ப அணைச்சு இன்னும் 10 நிமிஷம் திறக்காதீங்க. கை பழக்கத்துல கடுகு கறிவேப்பிலை தாளிச்சுடாதீங்க, அப்புறம் அது தக்காளி சாதம் சுருட்டினது ஆயிடும். நேரம் இல்லன்னா மதியம் மிஞ்சின சாதத்துல எலுமிச்சை சாறு, பொடியா நறுக்கின கொத்தமல்லி, உப்பு கலந்து வச்சுக்கோங்க, பசங்களுக்கு உண்மையிலயே அதுதான் அதிகம் பிடிக்கும்.

படி 4: சல்சா, தயிர், வெண்ணெய்ப்பழம் (அவகாடோ)

கெட்டியான தக்காளி 4. நாலா வெட்டி விதையும் சாறும் இருக்கிற நடுப்பகுதிய வழிச்சு ரசத்துக்கு எடுத்து வச்சுடுங்க, சதைய மட்டும் பொடியா நறுக்குங்க. ஒரு சின்ன வெங்காயம்னு சொன்னா சாம்பார் வெங்காயம் இல்ல, பெரிய வெங்காயத்துல சின்னது. பச்சமிளகா 2, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சை அரை மூடி, உப்பு. கலந்து 10 நிமிஷம் விட்டா அடியில தண்ணி நிக்கும் பாருங்க, அத வடிகட்டிட்டு மேல இருக்கிறத மட்டும் ராப்ல வைங்க. இதுக்கு பீக்கோ தெ காயோன்னு பேரு, சிவப்பு, வெள்ளை, பச்சை மூணும் அவங்க கொடி நிறம்.

தொட்டுக்க இன்னொரு சல்சா வேணும்னா 3 தக்காளி, 3 பல் பூண்டு தோலோட, 2 பச்சமிளகா எல்லாத்தையும் காய்ஞ்ச தோசைக்கல்லுல எண்ணெய் இல்லாம போட்டு தோல் கருகுற வரைக்கும் திருப்பித் திருப்பி சுடுங்க. பூண்டு தோல உரிச்சுட்டு, உப்பு சேத்து அம்மில கொரகொரன்னு அரைங்க. அங்க மூணு கால் வச்ச கல் உரல்ல தான் அரைப்பாங்க, மோல்காஹேட்டேன்னு சொல்லுவாங்க. மிக்ஸின்னா ரெண்டு சுத்து மட்டும். எங்க அத்தை இத ஒரு நாள் ருசி பாத்துட்டு, "இது நம்ம சுட்ட தக்காளி தொவையல் தானே கண்ணு, இதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பேரு"ன்னு கேட்டாங்க. இட்லிக்கும் வச்சுக்கிட்டாங்க.

தயிர் 2 கப் துணியில கட்டி 3 மணி நேரம் தொங்கவிட்டா 1 கப் கெட்டியா கிடைக்கும், வெயில் காலத்துல ஃப்ரிட்ஜ்ல வடிகட்டி மேல வச்சுடுங்க, வெளிய விட்டா புளிச்சுடும். உப்பும் நாலு சொட்டு எலுமிச்சையும் சேத்து அடிச்சுக்கோங்க. அங்க க்ரேமான்னு ஒரு புளிச்ச க்ரீம் போடுவாங்க, அதுக்கு பதிலா இது.

வெண்ணெய்ப்பழம் கிடைச்சா போடுங்க, கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் விளையிறது உழவர் சந்தை பக்கத்துலயே சீசன்ல கிடைக்கும். கல்லு மாதிரி இருந்தா வாழைப்பழத்தோட ஒரு பேப்பர் கவர்ல சுத்தி வைங்க, ரெண்டு மூணு நாள்ல கனிஞ்சுடும். மசிச்சு உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சமிளகா சேத்தா குவாக்கமோலே. கிடைக்கலன்னா விட்டுடுங்க, பட்டாணிய அரைச்சு போடுறது அதுக்கு மாற்று ஆகாது.

சீஸ் விஷயத்துல, 150 கிராம் பன்னீர உதிர்த்து உப்பும் எலுமிச்சையும் கலந்தா அங்க போடுற உதிரி சீஸுக்கு கிட்டத்தட்ட வரும். உருகுற சீஸ் தான் பசங்க கேப்பாங்கன்னா துருவினது ஒரு கப், கவர்ல பச்சைப்புள்ளி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

படி 5: காய்

குடமிளகாய் 2 கலர்ல ரெண்டு, பெரிய வெங்காயம் 2, ரெண்டையும் விரல் நீளத்துக்கு நறுக்குங்க. வேகவச்ச சோளமுத்து 1 கப். காளான் பிடிக்கும்னா 200 கிராம், ஆனா அத தனியா வதக்கி தண்ணி வத்தினப்புறம் சேருங்க.

இரும்பு வாணலி புகையிற அளவு காயணும். ரெண்டு ஸ்பூன் எண்ணெய், காய் பாதி மட்டும் போடுங்க, மொத்தமா கொட்டினா வாணலி சூடு இறங்கி காய் வதங்குறதுக்கு பதில் ஆவியில வெந்துடும். ஒரு நிமிஷம் தொடாம விட்டு அப்புறம் புரட்டுங்க, ஓரம் கருப்பா புள்ளி விழணும், நடுவுல கடிச்சா நறுக்குன்னு இருக்கணும், மொத்தம் மூணு நாலு நிமிஷம். மூடி போடாதீங்க. உப்பு இறக்குறப்ப தான், முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுடும். மேல கொஞ்சம் மிளகாத்தூள், ஓரிகானோ பாக்கெட் பீட்சாவோட வந்தது வீட்டுல சேந்திருக்கும்ல, அதுல ஒண்ணு.

சப்பாத்திக்கள்ளி அங்க காய்கறி. முள்ள சீவிட்டு நறுக்கி வதக்கி டாக்கோல வைக்கிறாங்க, நோபாலேஸ்னு சந்தையில கட்டு கட்டா விக்கும். நம்ம ஊர் வேலி ஓரத்துல இருக்கிறதும் அந்த நாட்டுல இருந்து வந்த குடும்பம் தான், ஆனா இங்க இருக்கிறது வேற வேற வகை, முள்ளும் மோசம், அதனால பறிச்சு சமைச்சுப் பாக்க வேண்டாம்.

படி 6: டோர்ட்டியா சுடுறது

உருண்டைய லேசா மாவு தொட்டு நடுவுல இருந்து வெளிப்பக்கமா தேய்ங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருப்பி. 9 அங்குலம் வரணும், சாப்பிடுற தட்டோட உள்வட்டம் கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும், வச்சு பாத்துக்கோங்க. வட்டம் கோணலா இருந்தா பரவாயில்ல, கனம் மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். கீழ ஒட்டியிருக்கிற மாவ தட்டிட்டு கல்லுல போடுங்க, இல்லன்னா அது கருகி கசக்கும்.

தோசைக்கல் நல்லா காயணும், தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடணும். எண்ணெய் வேண்டாம். ஒரு பக்கம் 30 - 40 செகண்ட், மேல குமிழ் வந்ததும் திருப்பி இன்னொரு 30 செகண்ட். சப்பாத்திய விட அதிக சூடு, கம்மி நேரம். அங்கங்க பழுப்பு புள்ளி விழுந்தா போதும், முழுக்க சிவக்க விட்டா அப்பளம் மாதிரி விறைச்சுடும். துணியால அழுத்தி அழுத்தி சுடாதீங்க, உள்ள இருக்கிற ஆவி வெளிய போயிடும்.

எடுத்த உடனே சுத்தமான துணி விரிச்ச ஹாட்பேக்ல போட்டு மூடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க. முதல்ல போட்டத எடுத்துப் பாத்தா லேசா விறைப்பா தான் இருக்கும், பத்து நிமிஷம் கழிச்சு எடுங்க, சொந்த ஆவியிலயே இளகி கைக்குட்டை மாதிரி தொங்கும். இந்த பத்து நிமிஷத்த யாரும் விட்டுடாதீங்க.

கடையில வாங்கின டோர்ட்டியான்னா ரெண்டு பக்கமும் 15 செகண்ட் கல்லுல காட்டி இதே மாதிரி துணியில மூடுங்க, பாக்கெட்ல இருந்து நேரா எடுத்து மடிச்சா மடிப்புல வெடிக்கும்.

படி 7: அடுக்குறதும் மடிக்கிறதும்

டோர்ட்டியாவ சூடா தட்டுல விரிங்க. நடுவுக்கு கொஞ்சம் கீழ, உங்க பக்கமா, 2 ஸ்பூன் பீன்ஸ நீளமா தடவுங்க. பீன்ஸ் தான் முதல்ல, அது பசை மாதிரி ரொட்டியோட ஒட்டி, மேல இருந்து இறங்குற ஈரத்த தடுக்கும். அது மேல சீஸ், அப்புறம் ஒரு ஸ்பூன் சாதம், காய், சல்சா, கடைசியா தயிரும் வெண்ணெய்ப்பழமும். சல்சாவுக்கு கீழ சாதம் இருக்கணும், ஒழுகுற சாற அது இழுத்துக்கும். மொத்தமா முக்கால் கப்புக்கு மேல வேண்டாம், சுத்தி ரெண்டு விரல் அகலம் இடம் விடுங்க. ஆசைப்பட்டு இன்னொரு ஸ்பூன் வைக்கிறப்ப தான் கிழியும்.

முதல்ல இடது வலது ஓரத்த உள்ள மடிச்சு ரெண்டு சுண்டுவிரலால பிடிச்சுக்கோங்க. கட்டைவிரலால கீழ் ஓரத்த தூக்கி, உள்ள இருக்கிறது மேல போட்டு, விரல் நுனியால உங்க பக்கமா இழுத்து இறுக்குங்க, பாய் சுருட்டும்போது முதல் சுத்த இறுக்குவோம்ல அந்த மாதிரி. முதல் சுத்து இறுகிட்டா மிச்சம் தானா உருளும்.

மடிப்பு ஓரம் கீழ இருக்கிற மாதிரி மறுபடி காய்ஞ்ச கல்லுல வைங்க, ஒரு நிமிஷம், திருப்பி இன்னொரு நிமிஷம். மடிப்பு ஒட்டிக்கும், மேல மொறுன்னு ஒரு தோல் வரும், சீஸ் உருகும். ரெண்டா வெட்டணும்னா சாய்வா வெட்டுங்க, ரம்பப் பல் கத்தின்னா நசுங்காது.

எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை நான் மடிச்சுக் குடுக்கிறது இல்ல. எல்லாத்தையும் தனித்தனி கிண்ணத்துல நடுவுல வச்சுட்டு, ஹாட்பேக்க பக்கத்துல வச்சுடுவேன், அவங்கவங்க வேணும்கிறத வச்சு மடிச்சுக்குவாங்க. சின்னவன் பீன்ஸும் சீஸும் மட்டும், பெரியவ காய் மட்டும் தனியா பொறுக்குவா, மாமாவுக்கு கடிக்க முடியாதுன்னு டோர்ட்டியாவ பிச்சு பீன்ஸ தொட்டு சாப்பிடுவாரு, யாருக்கும் தனி சமையல் இல்ல. காரம் எல்லாம் சல்சால தான் இருக்கு, பீன்ஸ்ல கம்மியா போட்டா மூணு வயசு குழந்தையும் சாப்பிடும்.

லஞ்ச் பாக்ஸும் மிச்சமும்

பள்ளிக்கூடத்துக்கு குடுக்கணும்னா பீன்ஸ், சீஸ், சாதம், காய் மட்டும். சல்சாவ சின்ன டப்பால தனியா, தயிரும் வெண்ணெய்ப்பழமும் வேண்டாம். கல்லுல சுட்டதும் அஞ்சு நிமிஷம் கம்பி வலை மேல ஆற விட்டு அப்புறம் ஃபாயில்ல சுத்துங்க, சூடா சுத்தினா உள்ளயே வேர்த்து நமத்துடும்.

பீன்ஸ் ஃப்ரிட்ஜ்ல 3 நாள் நல்லா இருக்கும், ஃப்ரீசர்ல ஒரு மாசம் கூட வச்சிருக்கேன், சூடு பண்ணும்போது ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சா போதும். மாவு மிஞ்சினா உருண்டையா எண்ணெய் தடவி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் வெளிய எடுத்து அரை மணி நேரம் விட்டு தேய்க்கலாம்.

சுட்ட டோர்ட்டியா மிஞ்சினா முக்கோணமா வெட்டி எண்ணெய்ல பொரிச்சு, அம்மில அரைச்ச அந்த தக்காளி சல்சாவ கொதிக்க வச்சு அதுல போட்டு ஒரே ஒரு நிமிஷம் புரட்டி, மேல உதிர்த்த பன்னீரும் வெங்காயமும் தூவுங்க. அதுக்கு பேரு சிலாகிலேஸ், மெக்சிகோல காலை டிபன். அங்க சோள டோர்ட்டியால பண்ணுவாங்க, கோதுமைல சீக்கிரம் ஊறிடும், அதனால எல்லாரும் தட்டு வச்சு உக்காந்தப்புறம் சல்சாவுல போடுங்க.